பத்துமலைக்குப் பசுமைப் பயணம்

தைப்பூசத்தின்போது பத்துமலையை நோக்கிச் செல்லும் சாலைகளில் மகிழுந்துகள் நெடுந்தொலைவுக்கு வரிசை பிடித்து நிற்கும். வண்டி நகராவிட்டாலும் இயந்திரம் இயங்குகிறது, பெட்ரோல் எரிகிறது, புகை வெளியேறுகிறது. விழாவினால் ஏற்படும் சுற்றுச்சூழல் பாதிப்பு என்றதும் சிதறிக் கிடக்கும் குப்பைகளே நம் நினைவுக்கு வரும். ஆனால், பெரிய நிகழ்ச்சிகள் பலவற்றில் மக்கள் வந்து திரும்பும் பயணமே கரியமில வாயு வெளியேற்றத்திற்கு முக்கியக் காரணமாக அமைகிறது. இந்த வாயு புவி வெப்பமடைவதற்கு வழிவகுக்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளியேறும். பத்துமலைக்குச் சென்று திரும்ப ஒரு மகிழுந்துக்கு 3 லிட்டர் பெட்ரோல் தேவைப்பட்டால், ஏறத்தாழ 7 கிலோகிராம் வாயு காற்றில் கலக்கும். அதில் ஒருவர் மட்டும் பயணம் செய்தால், அவ்வளவும் அவரது பங்காகும். நால்வர் சேர்ந்து சென்றால், ஒருவரின் பங்கு 2 கிலோகிராமுக்கும் குறைவு. மின்சாரத்தில் இயங்கும் கொமுட்டர் இரயில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோரை ஏற்றிச் செல்வதால், ஒருவரின் பங்கு மேலும் குறைகிறது.

2010ஆம் ஆண்டு முதல் கொமுட்டர் இரயில் பத்துமலைவரை செல்கிறது. நிலையமும் கோயில் வளாகத்தை ஒட்டியே உள்ளது. 2024, 2025ஆம் ஆண்டுகளின் தைப்பூசத்தின்போது இரண்டு நாள்களுக்கு இச்சேவை இலவசமாகவே வழங்கப்பட்டது. இருந்தும், பலர் ஏன் மகிழுந்திலேயே வருகின்றனர்?

“பாட்டியால் நெடுநேரம் நிற்க முடியாதே!” “பால்குடத்தோடு கூட்டத்தில் எப்படி ஏறுவது?” “நள்ளிரவில் வீடு திரும்ப இரயில் கிடைக்குமா?” இவை நியாயமான கவலைகள். ஆகவே, ‘மகிழுந்தில் வராதீர்கள்’ என்று அறிவுறுத்தினால் மட்டும் போதாது. அக்கவலைகளைத் தீர்க்கவும் வேண்டும்.

ஏற்பாட்டாளர்கள் விழா அறிவிப்பிலேயே இரயில் நேரங்களைக் குறிப்பிடலாம். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நிலையத்தில் தனி வரிசை அமைக்கலாம். குடும்பத்தில் நடக்க இயலாதவர்கள் ஒரே மகிழுந்தில் சேர்ந்து செல்ல, இளையோர் இரயிலில் செல்லலாம். தொலைவிலிருந்து வருபவர்கள் வழியிலுள்ள ஓர் இரயில் நிலையத்தில் மகிழுந்தை நிறுத்திவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். மாணவர்களாகிய நீங்களும் இரயில் நேரங்களை முன்கூட்டியே அறிந்து, குடும்பப் புலனக் குழுவில் பகிரலாம்.

ஆண்டுதோறும் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் பத்துமலைக்குப் புறப்படுகிறது. பக்தர்கள் பலர் இரவு முழுவதும் அதனுடன் நடந்தே செல்கின்றனர். மகிழுந்து இல்லாமலும் பத்துமலையை அடையலாம் என்பதற்கு அவர்களே சான்று. ‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்பர். புவி வெப்பத்தைத் தணிக்கும் பணியும் அத்தகையதே. அடுத்த தைப்பூசத்திற்கு எப்படிச் செல்வது என்பதை இன்றே உங்கள் குடும்பத்தாரோடு கலந்து பேசுங்கள்.