'லாஷ் அவுட்' என்றால் அடித்தார் என்று பொருளா?

அண்மையில் வீடு திரும்பிய முதியவர் ஒருவரின் மகன், டிஸ்சார்ஜ் சம்மரியுடன் எங்களிடம் வந்தார். இரண்டாம் நாள் இரவுக் குறிப்பில் 'லாஷ்ட் அவுட் அட் தி நர்ஸ்' என்றிருந்தது. அகராதியில் 'லாஷ்' என்பதற்குச் சாட்டையடி என்று கண்டிருக்கிறார். "அப்பா யாரையும் கைநீட்டி அடிக்கிறவர் இல்லையே, சார்" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

அவர் அடிக்கவில்லை, திட்டினார். அதைத் தெளிவாக எழுதாதது எங்கள் பிழையே. 'அவுட்' சேர்ந்தபின் அச்சொல் சாட்டையை விட்டு விலகிவிடுகிறது. திடீரெனக் கையால் தாக்குவதையும் குறிக்கும், சொல்லால் தாக்குவதையும் குறிக்கும். தமிழில் 'எரிந்து விழுதல்' இதற்கு மிக அண்மையது. அதிலும் எவரும் எரிவதில்லை, விழுவதுமில்லை. 'மனைவி மேல் எரிந்து விழுந்தார்' என்பதில் 'மேல்' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'அட்' செய்கிறது.

மருத்துவர்களாகிய நாங்கள் இக்குறிப்பை ஒருவரின் குணத்தைப் பற்றியதாகப் படிப்பதில்லை. அம்முதியவருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. முதுமையில் சோடியக் குறைவு, சிறுநீர்த் தொற்று, சில மாத்திரைகள் ஆகியவை 'டெலிரியம்' எனும் திடீர் மனக்குழப்பத்தை உண்டாக்கும். இரவில் அது மிகும். சோடியம் சீரானபின் அவரே அந்தச் செவிலியரிடம் "சாப்பிட்டாயாம்மா?" என்று கேட்டார். திட்டியது அவர் நினைவில் இல்லை.

நெய்வேலியில் நாங்கள் அஞ்சுவது இன்னொன்று. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, உண்ணாமல் உறங்கிவிடுபவர்கள் இங்குண்டு. எழுப்பினால் வியர்வையும் நடுக்கமுமாக எரிந்து விழுவார்கள். வீட்டார் அதைத் தூக்கக் கலக்கம் என்றும், சிலர் குடி என்றும் எண்ணிவிடுகின்றனர். உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழிருந்தால் மூன்று அல்லது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி இல்லையென்றால் காத்திராமல் கொடுங்கள். விழுங்க இயலாத மயக்கநிலையில் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

குடியைத் திடீரென நிறுத்தியவர்களுக்கும் இரண்டு மூன்று நாளில் இத்தகைய சீற்றம் வரக்கூடும். அதனை மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது உண்டார், என்ன மாத்திரை எடுத்தார் என்பனவே நாங்கள் முதலில் கேட்பவை. திட்டிய சொற்களைச் சொல்லக் கூச வேண்டாம், சொல்லாமலும் விடலாம்.

அந்த மகனுக்குச் சம்மரியைத் திருத்திக் கொடுத்தோம்: 'மனக்குழப்பத்தில் உரக்கத் திட்டினார், அடிக்கவில்லை.'