கடனாளியின் கையிருப்பு யாருடையது?

அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயத்தின்கீழ் மனுச் செய்யும் நிறுவனம் பெரும்பாலும் பழைய நிர்வாகத்தின் பொறுப்பிலேயே தொடர்ந்து நடப்பதால், அதன் கையிருப்புப் பணத்தையும் முன்போலவே விருப்பப்படி செலவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 1978ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அச்சட்டம் இதற்கு இடம் தரவில்லை. கடனாளிக்குரிய பணத்தின்மீது வங்கி முதலியோருக்குப் பற்றுரிமையும், அதாவது கடன் தீராதபோது அதிலிருந்து வசூலித்துக்கொள்ளும் உரிமையும், இருக்குமானால் அப்பணம் ரொக்கப் பிணையம் எனப்படும். கணக்கிலுள்ள வைப்புத்தொகையும், அடமானக் கட்டடத்தின் வாடகையும், 1994ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் தங்கும் விடுதிகளின் அறைக் கட்டணமும் இவ்வகையில் அடங்கும். இதைச் செலவிட, 363ஆம் பிரிவின்படி, பற்றுரிமை உடைய ஒவ்வொருவரின் இசைவோ நீதிமன்றத்தின் அனுமதியோ வேண்டும். ஈடுவைத்த இயந்திரத்தை அன்றாடத் தொழிலில் ஓட்டுவதற்கு இத்தகைய முன் அனுமதி தேவையில்லாதபோது பணத்திற்கு மட்டும் இக்கட்டுப்பாடு ஏன் என்றால், ஓடிய பின்னும் இயந்திரம் அங்கேயே நிற்கும், செலவான பணமோ நிற்காது.

கடன் கொடுத்தவர் மறுத்துவிட்டால் நிறுவனம் கதவடைக்க வேண்டியதுதான் என்ற எதிர்மாறான நம்பிக்கை இதைவிடத் தீங்கானது. ஏனெனில் காப்பாற்றக்கூடிய தொழிலையும் அது முன்கூட்டியே கைவிடச் செய்துவிடும். சட்டம் காப்பது பற்றுரிமையின் மதிப்பையே அன்றி, பெட்டியில் உள்ள அதே பணத்தை அன்று. ஆகவே கடனாளி ‘போதிய பாதுகாப்பு’ அளிப்பதாக மெய்ப்பித்தால், கடன் கொடுத்தவர் எதிர்த்தாலும் நீதிமன்றம் அனுமதிக்கலாம். தவணைப் பணமோ, இனி வரும் சரக்கு, நிலுவைத் தொகை ஆகியவற்றின்மீது மாற்றுப் பற்றுரிமையோ அப்பாதுகாப்பாக அமையலாம். அது போதியது என்று காட்டும் பொறுப்பு கடனாளியைச் சாரும். தம் பற்றுரிமை செல்லுபடியானது என்பதையும் அது எதுவரை எட்டுகிறது என்பதையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரைச் சாரும். கொடுத்த பாதுகாப்பு பின்னர் போதாமற்போனால், 507ஆம் பிரிவு அவருக்கு ஏனைய நிர்வாகச் செலவுகளுக்கும் முந்திய உரிமை தருகிறது.

காலத்தாழ்வு பற்றிய அச்சமும் மிகையானதே. இறுதி விசாரணை, கோரிக்கை சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து 14 நாள் கழிந்த பின்னரே தொடங்க முடியும் என்றாலும், உடனடியான, ஈடுசெய்ய இயலாத கேட்டைத் தவிர்க்கத் தேவையான அளவு பணத்தை அதற்கு முன்பே இடைக்கால ஆணையால் பெறலாம். தொழிலாளர் ஊதியம் பெரும்பாலும் இந்த ஆணையை நம்பியே இருப்பதால், நுணுக்கமான வரவுசெலவுத் திட்டத்தோடு முதல் நாளிலேயே நீதிமன்றத்தை அணுகுவது கடனாளியின் தலையாய கடமை.

வங்கி தன் கடனுக்காகக் கணக்கிலுள்ள பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் தவறு. மனுவோடு தோன்றும் தானியங்கித் தடை அதனை விலக்குகிறது. ஆயினும் ஈடுசெய்துகொள்ளும் உரிமை கோரும் வங்கி நீதிமன்றத்தை நாடும்வரை அப்பணத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது தடையை மீறியதாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது.

அனுமதியின்றிச் செலவிட்டுப் பின்னர் கணக்குக் காட்டினால் போதும் என்று எண்ணும் கடனாளி ஒன்றை அறிய வேண்டும்: கடன் கொடுத்தவருக்குப் பெருங்கேடு விளைவிக்கும் அத்தகைய செலவு, வழக்கைத் தள்ளுபடி செய்வதற்கோ சொத்துகளை விற்றுக் கலைக்கும் 7ஆம் அத்தியாயத்திற்கு மாற்றுவதற்கோ உரிய காரணம் என்று சட்டத்தின் 1112ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது.