த்ரில்லர் எடுத்ததில் கற்றது என்ன?

கேள்வி: கல்லூரியில் நண்பர்களோடு ஒரு த்ரில்லர் குறும்படம் எடுத்து முடித்தோம். கேமராவும் எடிட்டிங்கும் தவிர வேறு ஏதாவது கற்றோமா?

பதில்: நிச்சயமாக. கேமரா அடுத்த ஆண்டே மாறிவிடும். பார்வையாளருக்கு எதை, எப்போது தெரியப்படுத்துவது என்று தீர்மானிக்கும் திறன் என்றும் உதவும். மேஜைக்கடியில் வெடிகுண்டு இருப்பது நமக்கு முன்பே தெரிந்தால் சாதாரணப் பேச்சும் பதற்றம் தரும், தெரியாவிட்டால் சில நொடி அதிர்ச்சிதான் என்று இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் விளக்கினார். எடிட்டிங்கில் ஒரு ஷாட்டை முன்னும் பின்னும் நகர்த்தியபோது நீங்கள் பழகியதும் இதையே. படப்பிடிப்பிலும் இப்படி முன்பே தீர்மானிக்கப் பழகலாம். இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் 1998இல் வெளியான 'ஃபாலோயிங்' படத்தை, வார நாட்களில் வேலைக்குப் போன நண்பர்களைக் கொண்டு சனிக்கிழமைகளில் 16 எம்.எம். ஃபிலிமில் எடுத்தார். ஃபிலிம் செலவு கட்டுப்படியாகாததால் நாடகம்போல் ஒத்திகை பார்த்து, ஓரிரு டேக்கில் முடித்தார். (வாரம் ஒரு நாள் மட்டுமே கூடிய குழுவைக் கலையாமல் வைத்திருந்ததும் பெரிய திறமை.)

செல்போனில் எத்தனை டேக் வேண்டுமானாலும் எடுக்கலாமே, அந்தக் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். டேக் கூடினால் முடிவெடுப்பது தள்ளிப்போகுமே தவிர, ஒழியாது. த்ரில்லரில் கற்றது மற்ற படங்களுக்கு உதவாது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். குடும்பக் கதையிலும் அம்மாவுக்குத் தெரிந்தது மகனுக்குத் தெரியாதபோது காட்சி உயிர்பெறுகிறது. உங்கள் படத்தைக் கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக்காட்டி, முடிவை எந்த இடத்தில் ஊகித்தார் என்று கேட்டு எழுதிவையுங்கள்.