நெல் எது, குதிரைவாலி எது? தாவரவியலின் முதற்பாடம்

சம்பா நாற்றங்காலில் நாற்றுப் பறித்து முடி கட்டும்போது நெல் நாற்றோடு குதிரைவாலியும் சேர்ந்து வந்துவிடுகிறது. இளம் பருவத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதையும் முடியோடு முடியாக நட்டு, உரமும் போட்டு வளர்த்த பிறகு, கதிர் விடும்போதுதான் பலருக்கு அடையாளம் தெரிகிறது. அதற்குள் மகசூலில் ஒரு பங்கு போய்விடும். ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்த்து அடுத்த பட்டத்துக்கும் இடம் பிடித்துக்கொள்ளும். கடைமடையில் நேரடி விதைப்புச் செய்வோருக்கு வரிசை அடையாளமும் கிடையாது. தொல்லை இன்னும் அதிகம்.

இதைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டாம். இலையின் தாள் பகுதி, தண்டைச் சுற்றியுள்ள உறையோடு சேரும் மூட்டைக் கவனிக்க வேண்டும். தாளை மெல்ல வெளிப்புறமாக வளைத்தால், நெல்லில் அந்த இடத்தில் வெண்மையான சவ்வு ஒன்று நிமிர்ந்து நிற்கும். நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். இதற்கு நாக்கு என்று பெயர். அதன் இரு பக்கமும் அரிவாள்போல் வளைந்து, ரோமம் உள்ள சிறு காதுகள் இருக்கும். வயலில் களையாக வரும் குதிரைவாலிக்கு நாக்கும் இல்லை, காதும் இல்லை. முதிர்ந்த இலையில் நெல்லின் காது உதிர்ந்துபோயிருக்கலாம்; ஆகவே இளம் இலையில் பார்ப்பதே சரி.

ஆனால் களை நெல்லிடம் இந்தச் சோதனை செல்லாது. அதுவும் நெல் இனமே என்பதால் நாக்கும் காதும் அதற்கும் உண்டு. மணி முற்றியவுடன் உதிர்வது, பெரும்பாலும் சிவந்த அரிசி, பலவற்றில் நீண்ட மீசை ஆகியவற்றைக் கொண்டுதான் அதைப் பிடிக்க முடியும். இதற்குச் சுத்தமான விதை வாங்குவதே முதல் காப்பு.

களைகளை இனம் பிரிப்பதில் பணமும் அடங்கியிருக்கிறது. புல் இனத்தின் தண்டு உருண்டையாக, கணுக்களோடு இருக்கும். கோரையின் தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும். இலைகளும் மூன்று வரிசையாக வரும். 2,4-டி மருந்து அகன்ற இலைக் களைகளையும் ஓராண்டுக் கோரைகளையும் கட்டுப்படுத்தும். குதிரைவாலியை ஒன்றும் செய்யாது. இது தெரியாமல் தெளித்துவிட்டு, மருந்து போலி என்று கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை. வரப்போரம் நாலு இலையோடு படரும் ஆராக்கீரையோ பூக்கும் செடியே அல்ல, பெரணி இனம். அதில் பூவையும் விதையையும் தேடினால் கிடைக்காது.

பெயர்களும் குழப்பக்கூடியவை. விருதுநகர்ப் பக்கம் மானாவாரியில் தானியமாகப் பயிரிடுவதும் குதிரைவாலி. நெல் வயலில் களையாக வருவதும் குதிரைவாலி. இரண்டும் ஒரே பேரினம், ஆனால் வெவ்வேறு சிற்றினம். இப்படிப்பட்ட குழப்பத்தைத் தீர்க்கவே ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொல் கொண்ட பெயர் வைக்கும் முறையை 1753இல் நிலைநிறுத்தினார். அவரிடம் படித்த கோனிக் என்ற மருத்துவர் 1768இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அது டேனிஷ்காரர்களின் ஊர். இங்கிருந்து அவர் செடிகளைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அந்த நன்றிக்காக லின்னேயஸ் 1771இல் ஒரு செடிக்கு அவர் பெயரைச் சூட்டினார். அது வேறொன்றுமல்ல, நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைதான். அதன் அறிவியல் பெயரில் இன்றைக்கும் கோனிக் இருக்கிறார்.

இந்தப் படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. பூண்டி புஷ்பம் கல்லூரி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி ஆகியவற்றில் தாவரவியல் துறை உள்ளது. செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967இல் தொடங்கிய ராப்பினாட் உலர்தாவர நிலையமும் இருக்கிறது. அங்கிருந்து பாதிரியார் மேத்யூ காவிரிச் சமவெளி உட்படத் தமிழகச் சமவெளித் தாவரங்களை விரிவாக ஆராய்ந்து பல தொகுதிகள் எழுதினார். ஆனாலும் பட்டம் வாங்கியவுடன் வேலை காத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. முதுகலையும் ஆய்வும் தொடர வேண்டிவரும். விதைச்சான்றுத் துறையில் வயல் ஆய்வுக்குப் போக விரும்பினால் வேளாண்மைப் பட்டமே பொருத்தம். அங்கேயும் வேலை இதேதான்: இலை, நாக்கின் நிறம், கதிர், மணி பார்த்துக் கலவனைப் பிரிப்பது. வயலில் இறங்கிப் பழகிய விவசாயி வீட்டுப் பிள்ளை, புத்தகப் படத்தை மட்டும் பார்த்துப் படித்தவனைவிட இதில் முன்னால் நிற்பான்.

உள்ளமைப்பையும் வீட்டிலேயே பார்க்கலாம். நெல் இலையுறையைப் பிளேடால் குறுக்கே அறுத்தால் தேன்கூடுபோல் அறைகள் தெரியும். இவை வழியாகத்தான் மேலேயுள்ள காற்று வேருக்கு இறங்குகிறது; நெல் நீரில் நிற்பதன் சூட்சுமம் இதுவே.

செடி சேகரிக்க விரும்பும் மாணவர்கள் வேர், இலை, பூ மூன்றும் உள்ள செடியாக எடுத்து, பழைய செய்தித்தாள் மடிப்பில் பரப்பி, மேலே கனம் வைக்க வேண்டும். ஊர், தேதி, உள்ளூர்ப் பெயர், வயலா வரப்பா வாய்க்காலா என்ற விவரத்தை உடனே எழுதிவிட வேண்டும். தாளைத் தினமும் மாற்றவும். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடித்துவிடும்.