வாசகர் வட்டத்தில் ஒரு சர்வாதிகாரி: நடத்துபவர்களுக்குச் சில குறிப்புகள்

1. சர்வாதிகார நாவல் என்றதும் எல்லா வாசகர் வட்டங்களும் ஆர்வெல்லைத்தான் எடுக்கும். உங்கள் தெருவில் ஜூலியா ஆல்வரெஸின் ‘இன் த டைம் ஆஃப் த பட்டர்ஃபிளைஸ்’ (1994) எடுத்துப் பாருங்கள். டொமினிகன் குடியரசை 1930 முதல் 1961 வரை தன் கைக்குள் வைத்திருந்த ட்ருஹீயோவின் காலத்தில் வாழ்ந்த மிராபல் சகோதரிகள் நால்வரின் கதை. காதல், கல்யாணம், பிரசவம், அக்கா தங்கை சண்டை எல்லாவற்றுக்கும் நடுவில்தான் அரசியல் வருகிறது. ‘எனக்கு அரசியல் தெரியாதே’ என்று யாரும் ஒதுங்க முடியாது.

2. நாவலில் மூன்று பாகங்கள். பாகத்துக்கு ஒரு ஞாயிறு வையுங்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு, அத்தியாயத்துக்கு ஒருவர் தமிழில் கதையைச் சொல்லிவிடலாம்.

3. பெயர்கள் குழப்பும். வாட்ஸ்அப் குழுவில் முன்னதாகவே போட்டுவிடுங்கள்: மூத்தவள் பாட்ரியா, பக்தை. அடுத்து தேதே. மூன்றாமவள் மினெர்வா, சட்டம் படித்தும் வக்கீல் தொழில் செய்ய அனுமதி கிடைக்காதவள். கடைக்குட்டி மரியா தெரேசா, டைரி எழுதுபவள்.

4. முடிவை ரகசியமாக வைத்துக்கொண்டு அவஸ்தைப்படாதீர்கள். 1960 நவம்பர் 25 அன்று, சிறையில் இருந்த கணவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மினெர்வாவையும் மரியா தெரேசாவையும், துணைக்குப் போன பாட்ரியாவையும், ஜீப் ஓட்டிய ரூஃபினோவையும் ட்ருஹீயோவின் ஆட்கள் அடித்தே கொன்றார்கள். விபத்துபோலத் தெரிய ஜீப்பை மலைச்சரிவில் உருட்டிவிட்டார்கள். பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளாக அந்தத் தேதியை ஐ.நா. அறிவித்தது 1999இல். இது தெரிந்து படித்தாலும் நாவலின் பிடி தளராது.

5. பேச்சை ‘சர்வாதிகாரம் சரியா, தவறா’ என்று ஆரம்பித்தால் அது பட்டிமன்றமாகிவிடும். முதல் அத்தியாயத்தில், இரவு நேரத்தில் அப்பாவும் பெண்களும் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கதை பேசும் இடத்தை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். சிரிப்பும் கேலியுமாகப் போகிற பேச்சில் ட்ருஹீயோவின் பெயர் வருகிறது. அவ்வளவுதான். இருட்டில் எவனாவது நின்று ஒட்டுக்கேட்கிறானோ என்ற பயம் எல்லோரையும் பிடித்துக்கொள்கிறது. படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி போதும்: ‘நம் வீட்டில் எந்தப் பேச்சுக்கு ஜன்னலைச் சாத்துகிறோம்?’ பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். நடத்துபவர் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது.

6. ‘நம்ம நாட்டுக்கும் இப்படி ஒருத்தன் வந்தாத்தான் சார் சரிப்படும்’ என்று ஒருவராவது சொல்வார். ரோடு போட்டான், வெளிநாட்டுக் கடனை அடைத்தான் என்றும் அடுக்குவார். அடக்காதீர்கள், இரண்டும் நடந்தவைதான். உப்புக் கதையை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். கடலோரத்தில் ஜனங்கள் உப்பு எடுப்பதைத் தடுத்து, உப்பு வியாபாரத்தைத் தனக்கே ஆக்கிக்கொண்டார் ட்ருஹீயோ. விலை ஏறியது. பால், சர்க்கரை ஆலை என்று இந்த ஏகபோகம் வளர்ந்தது. 1936இல் தலைநகர் சாந்தோ தொமிங்கோவுக்கே ‘சியுதாத் ட்ருஹீயோ’ என்று தன் பெயரைச் சூட்டிக்கொண்டவர் அவர். 1937 அக்டோபரில் எல்லைப் பக்கம் வாழ்ந்த ஹைத்தி மக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டதும் அவர் உத்தரவில்தான்.

7. தேதேவுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். கணவன் தடுத்ததால், ட்ருஹீயோவை எதிர்த்துச் சகோதரிகள் இறங்கிய இயக்கத்தில் சேராதவள், உயிரோடு மிஞ்சியவள். ‘கோழை’ என்று சிலர் சட்டென்று முத்திரை குத்துவார்கள். கடைசிப் பகுதியைப் படிக்கும் வரை அந்தத் தீர்ப்புக்குத் தடை போடுங்கள். நிஜ வாழ்க்கையில், செத்துப்போன சகோதரிகளின் பிள்ளைகளை வளர்த்தவர் தேதேதான். 2014 வரை இருந்தார். எனக்கு இந்த நாவலே அவருடையது என்றுதான் படுகிறது. மினெர்வா பக்கம் நிற்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சண்டை சுவாரசியமாக இருக்கும்.

8. மரியா தெரேசாவின் சிறை டைரியில் சித்திரவதை வருகிறது. முந்தின வாரமே சொல்லிவிடுங்கள். அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம்.

9. உரக்கப் படிக்கும் நாளில் முறுக்கு, தட்டை வேண்டாம். ஒரு வரி காதில் விழாது. சுண்டல் உத்தமம்.

10. ‘இது நிஜமா, கற்பனையா’ என்று நடுவில் ஆளுக்கொரு போனை எடுத்தால் பேச்சு சிதறும். ஒருவரை மட்டும் தகவல் பார்க்க நியமியுங்கள். ஆல்வரெஸே பின்னுரையில், தான் எழுதியது புனைவு என்று விளக்கியிருக்கிறார். அவர் குடும்பமும் ட்ருஹீயோவுக்குத் தப்பி 1960இல் நியூயார்க் போனதுதான். பின்னுரையைக் கடைசி ஞாயிறன்று எல்லோரும் சேர்ந்து படியுங்கள்.

11. அடுத்து இதே ட்ருஹீயோவைப் பற்றி வர்கஸ் யோசா எழுதிய ‘த ஃபீஸ்ட் ஆஃப் த கோட்’ (2000) இருக்கிறது. கொடூரம் இன்னும் கூடுதல். நடுவில் லேசான ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு அதற்குப் போங்கள்.

12. இரவல் பிரதியில் பென்சிலால் மட்டும் கோடு போடச் சொல்லுங்கள். யாரிடம் எந்தப் பிரதி என்று நோட்டில் எழுதி வையுங்கள்.