சளிக்குச் சுக்கு மல்லிக் காப்பி: புதிதாகப் போடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நவம்பர் மழை பிடித்துக்கொண்டால், மலேசியாவின் சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து தஞ்சோங் காராங் வரை வீட்டுக்கு வீடு இருமல்தான். தோட்டத்து லயங்களில் பாட்டிமார் முதலில் அடுப்பேற்றியது சுக்கு மல்லிக் காப்பி. பெயர்தான் காப்பி, காப்பித்தூள் சேராது.

தேவையானவை (இருவருக்கு)

அரை விரல் நீளச் சுக்கு, கொத்தமல்லி விதை 2 தேக்கரண்டி, மிளகு 10, கொஞ்சம் கருப்பட்டி. கொல்லையில் கற்பூரவல்லி இருந்தால் நாலு இலை, செராய் (எலுமிச்சைப்புல்) இருந்தால் ஒரு தண்டு.

படி 1: சுக்கைத் தட்டுங்கள்

கடைச் சுக்கின் மேல் சுண்ணாம்பு பூசியிருக்கலாம். கத்தியால் தோலைச் சுரண்டிவிட்டு, உரலில் ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும். மாவாக அரைத்தால் அடியில் தங்கி, கடைசி மடக்கில் தொண்டையைக் கமறும்.

படி 2: வறுங்கள்

மல்லியையும் மிளகையும் சிறு தீயில் வாசம் வரும்வரை மட்டும். கருகினால் கசக்கும்.

படி 3: கொதிக்க விடுங்கள்

சுக்கு, மல்லி, மிளகைத் தட்டிய செராயோடு 3 குவளை நீரில் போட்டு, 2 குவளையாக வற்றவிடுங்கள். அடுப்பை அணைத்த பிறகே கற்பூரவல்லியைக் கிள்ளிப் போட்டு, 5 நிமிடம் மூடி வையுங்கள். இலையைக் கொதிக்கவிட்டால் அதன் மணம் ஆவியோடு போய்விடும். கருப்பட்டி கரைத்து வடிகட்டுங்கள்.

படி 4: மெல்லக் குடியுங்கள்

நாக்கு பொறுக்கும் சூட்டில், மடக்கு மடக்காக. நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பில்லாமல் குடிக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இந்தக் காப்பியும் வேண்டாம், தேனும் கூடவே கூடாது.

எது தீரும், எது தீராது

2008இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேருக்குப் பழச்சாற்றுப் பானம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறிய பானம் மூக்கொழுகல், இருமல், தும்மலைத் தணித்தது. சூடான பானம் தொண்டைவலி, குளிர் நடுக்கம், அசதியையும் சேர்த்துத் தணித்தது. பாட்டி சொன்ன சூட்டுக்கு இது நல்ல சாட்சி. ஆனால் எந்தக் கசாயமும் கிருமியைக் கொல்வதில்லை. சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் தானாக இறங்கும்.

கசாயத்தை நம்பக்கூடாத காய்ச்சல்

சிலாங்கூரில் டெங்கி அதிகம். செம்பனைத் தோட்டங்களில் எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலும் உண்டு. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, கண்ணுக்குப் பின்னால் வலி, கடும் உடல்வலி, வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூச்சுத்திணறல், ரத்தக்கசிவு இருந்தாலோ காத்திருக்காதீர்கள். டெங்கி இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம். அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். அன்றைக்கே போய் ரத்தம் சோதித்துவிடுங்கள்.