கிளை பிரியும் டேப்கள்

டேப்களைக் குறையுங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்கள் தகவல் சரிபார்க்கும் வேலையைச் செய்து பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். மேட்டூர் அணையைப் பற்றி ஒரு பத்தி எழுத உட்கார்ந்தால், 1924 காவிரி ஒப்பந்தத்துக்கு ஒரு டேப், 1934இல் அணை கட்டி முடிந்ததற்கு ஒன்று, ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்ற பெயருக்குக் காரணமான ஆளுநருக்கு ஒன்று, மூழ்கிப்போன ஊர்களுக்கு இரண்டு மூன்று என்று தானாகப் பெருகும். அதில் தப்பில்லை. எது எதிலிருந்து வந்தது என்பது மறந்துபோவதுதான் சிக்கல்.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மேல் வரிசையில் டேப்கள் நெருங்கியதும் தலைப்பில் முதல் ஓரிரு எழுத்துதான் தெரியும். ‘தமிழ்நாடு’ என்று தொடங்கும் பக்கங்கள் பத்து திறந்திருந்தால் பத்துமே ‘தமி…’ என்று நிற்கும். விக்கிப்பீடியா பக்கங்கள் என்றால் கேட்கவே வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே சின்னம்.

நான் ஃபயர்ஃபாக்ஸில் ‘ட்ரீ ஸ்டைல் டேப்’ எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கிறேன். அது டேப்களை இடப்பக்கம் மேலிருந்து கீழாக அடுக்கும். பட்டையை இழுத்து அகலமாக்கிக்கொள்ளலாம் என்பதால் நீளமான தமிழ்த் தலைப்பும் முழுதாகத் தெரிகிறது. ஆனால் அதன் உண்மையான பயன் வேறு. ஒரு பக்கத்திலுள்ள இணைப்பை மவுஸின் நடுச் சக்கரத்தால் அமுக்கினால், திறக்கும் டேப் தாய் டேப்புக்கு அடியில் சற்று உள்ளே தள்ளி உட்காரும். அதிலிருந்து இன்னொன்று திறந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே. அணையின் உயரம் பற்றி இரண்டு பக்கங்கள் இரண்டு விதமாகச் சொன்னால், கிளையைப் பிடித்து மேலே போய் எந்த மூலத்திலிருந்து எது வந்தது என்று பார்த்துவிடலாம்.

போன் வந்து வேறு வேலைக்குப் போக வேண்டியிருந்தால் தாய் டேப்பை மட்டும் விட்டுக் கிளையைச் சுருக்கிவிடுவேன். இதில் ஒன்று கவனிக்க வேண்டும்: விரிந்த நிலையில் தாய் டேப்பை மூடினால் அது மட்டும் போகும், சுருக்கிய நிலையில் மூடினால் உள்ளே இருப்பவையும் சேர்ந்து போகும். கட்டுரை முடிந்ததும் இதுவே வசதி. வலது கிளிக்கில் முழு மரத்தையும் புக்மார்க் கோப்புறையாகச் சேமித்துவிட்டு ஒரே தட்டில் மூடிவிடுவேன். ஆசிரியர் பிறகு ஆதாரம் கேட்டால் கோப்புறை இருக்கிறது.

2025 மார்ச்சில் வந்த 136ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸிலேயே செங்குத்து டேப் வசதி இருக்கிறது. தலைப்பு தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு அதுவே போதும், எக்ஸ்டென்ஷன் எதற்கு? அதில் கிளை இல்லை என்பதால்தான் நான் மாறவில்லை.

‘ஒன்டேப்’ வேறு வகை. ஒரு தட்டில் எல்லா டேப்பையும் மூடி, முகவரிகளை ஒரே பக்கத்தில் பட்டியலாக்கிவிடும்; பழைய லேப்டாப்புக்கு மூச்சு வரும். பாதி நிரப்பிய விண்ணப்பப் படிவம் திறந்திருக்கும்போது மட்டும் அதைத் தொடாதீர்கள், நிரப்பியது போய்விடும். எக்ஸ்டென்ஷனை நீக்கினால் பட்டியலும் போகும். ஏற்றுமதி வசதியில் முகவரிகளை நகலெடுத்து ஒரு கோப்பில் போட்டுவைப்பது நல்லது.

எதை நிறுவினாலும் அது கேட்கும் அனுமதிகளைப் படியுங்கள். டேப்களைக் கையாளும் எக்ஸ்டென்ஷனுக்கு நீங்கள் எங்கெல்லாம் போகிறீர்கள் என்பது தெரியும். ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ கதை நினைவிருக்கலாம். பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைக்கும் அந்த எக்ஸ்டென்ஷனைப் பெருங்கூட்டம் நம்பியிருந்தது. 2020இல் அது கைமாறியது. 2021 பிப்ரவரியில், தீங்கு செய்யும் நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை முடக்கியது. தூங்கிக்கொண்டிருந்த டேப்களும் கூடவே காணாமல் போயின. ஹிஸ்டரியில் கிடந்த நீண்ட முகவரிகளின் வாலில் அசல் முகவரி ஒட்டியிருந்ததால் பலர் அவற்றை மீட்டெடுத்தார்கள். இப்போது தூங்கவைக்கும் வேலையைக் குரோமே செய்கிறது, அமைப்புகளில் ‘மெமரி சேவர்’ என்று இருக்கும்.

அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்றால், குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; திறந்திருக்கும் டேப்களைத் தேட ஒரு பெட்டி வரும். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் சதவீதக் குறி போட்டு ஓர் இடைவெளி விட்டுத் தட்டினால் அதே வேலை நடக்கும். தமிழ் விசைப்பலகைக்கு மாறச் சோம்பலாக இருந்தால் தளத்தின் பெயரில் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டினாலே பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.